பால்கனிக்குப் போன தேக்கு நாற்காலி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மழைக்காலம் நெருங்கும்போது மரச்சாமான் பற்றிய கேள்விகள் கூடிவிடும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை பால்கனியைப் பற்றியவை. வீட்டுக்குள் இருக்கவேண்டிய மேசை, நாற்காலி, ஊஞ்சல், ஷூ ரேக் எல்லாம் இடமில்லாமல் பால்கனிக்கு வந்துவிடுகின்றன. வந்தபிறகு என்ன செய்வது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள்.

கேள்வி: சொந்த வீட்டை விட்டு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்துவிட்டோம். மாமனார் காலத்துத் தேக்கு சாய்வு நாற்காலிக்கும் ஒரு சின்ன டீப்பாய்க்கும் ஹாலில் இடமில்லை. ஆறாவது மாடியில், கிழக்குப் பார்த்த பால்கனியில் போட்டிருக்கிறோம். மேலே கூரை இருக்கிறது. "தேக்குதானே, ஒன்றும் ஆகாது, ஒரு கோட்டு வார்னிஷ் அடித்தால் போதும்" என்கிறார் கார்ப்பென்டர். கடையில் டின் டின்னாகக் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?
— வாசகி, பெரும்பாக்கம்

டின் வாங்குவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். முதலில் உங்கள் பால்கனியில் மழை எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது என்று பாருங்கள். மேலே கூரை இருப்பதால் மழை விழாது என்பது தரைத்தள வீட்டுத் திண்ணைக்குச் சரி. ஆறாவது மாடியில் மழை நேராக விழுவதில்லை, காற்றோடு சாய்ந்து வருகிறது. சென்னையின் பெருமழை வடகிழக்குப் பருவக்காற்றோடு வருவது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கிழக்கும் வடக்கும் பார்த்த பால்கனிகளில் சாரல் சுவர்வரைக்கும் அடிக்கும். மேற்குப் பால்கனிக்குத் தொல்லை வேறு மாதிரி. கோடையில் பிற்பகல் வெயில் நேராக விழும். ஜூனிலிருந்து செப்டம்பர்வரை மாலையில் இடியோடு வரும் மழையும் பெரும்பாலும் மேற்கிலிருந்தே வரும். அடுத்த நல்ல மழை நின்றதும் தரையில் ஈரம் எதுவரை வந்திருக்கிறது என்று சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வையுங்கள். நாற்காலி அந்தக் கோட்டுக்கு வெளிப்பக்கம் இருக்கிறதா, உள்பக்கமா என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

அடுத்து, "தேக்குதானே" என்ற பேச்சு. வைரம் பாய்ந்த தேக்கு மழைக்கும் கறையானுக்கும் நன்றாகத் தாங்கும், உண்மை. ஆனால் வைரத்தைச் சுற்றி வெளுப்பாக இருக்கும் பகுதிக்கு அந்தத் தாங்கும் சக்தி கிடையாது. நாற்காலியின் அடிச்சட்டத்திலும் பின்பக்கத்திலும் ஆசாரிகள் அந்த வெளுப்பைச் சேர்த்தே இழைத்திருப்பார்கள். அதைவிட முக்கியம், நாற்காலி என்பது மரம் மட்டுமில்லை. மரத்தைப் பிடித்து வைத்திருக்கும் பசையும் மேலே பூசிய பாலிஷும் சேர்ந்துதான் நாற்காலி. அவை இரண்டும் வீட்டுக்குள் இருப்பதற்காகச் செய்யப்பட்டவை. பழைய சாமான்களில் மூட்டுக்கு வச்சிரம் போட்டிருப்பார்கள். அது விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சும் பசை. ஈரம் பட்டால் இளகிவிடும். பிறகு வந்த சாதாரண வெள்ளைப் பசையும் தொடர்ந்து நனைந்தால் பிடியை விடும். மரம் இருபது வருடம் தாங்கும் என்றாலும் மூட்டு இரண்டே மழைக்காலத்தில் ஆட ஆரம்பிப்பது இதனால்தான்.

இப்போது நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுக் கால்களின் அடியைப் பாருங்கள். மேலே எவ்வளவு பளபளப்பு இருந்தாலும் அடியில் அநேகமாகப் பாலிஷே இருக்காது. அறுத்த மரம் அப்படியே தெரியும். மரத்தின் நாளங்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. அவற்றைக் குறுக்கே அறுத்த முகம் அதுதான். தரையில் தேங்கும் அரைக்கால் அங்குலத் தண்ணீர் போதும், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்த முகம் இழுத்துக்கொள்ளும். பால்கனியில் கெட்டுப்போன நாற்காலிகளில் காலின் கீழ்ப்பகுதி மட்டும் கறுத்து, விரலால் அழுத்தினால் அமுங்குவதைப் பார்க்கலாம். மேலே விழுந்த மழையைவிடக் கீழே நின்ற தண்ணீர் செய்யும் சேதம் அதிகம். உங்களுக்கு நான் சொல்லும் முதல் செலவு எனவே மிகச் சின்னது. நான்கு கால்களின் அடியையும் நன்றாக உலரவிட்டு, எபாக்சி பசையை இரண்டு தடவை பூசி அடைத்துவிடுங்கள். மேலே ரப்பர் புஷ்ஷோ நைலான் குமிழோ அடித்துத் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்துங்கள். காலை முழுக்க மூடும் தொப்பி மாதிரியான ரப்பர் புஷ் வேண்டாம், உள்ளே தண்ணீர் நின்றுவிடும். அடியில் திருகும் தட்டையான வகையே நல்லது. பால்கனியின் தண்ணீர் போகும் துளையில் செடித்தொட்டி மண் அடைத்திருந்தால் அதையும் இன்றே சுத்தம் செய்யுங்கள்.

இனி டின்னுக்கு வருவோம். பழைய பூச்சு என்ன என்று தெரியாமல் புதியது அடிக்கக்கூடாது. மறைவான இடத்தில், பாலிஷ் கடையில் விற்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் தேயுங்கள். பிசுபிசுத்துப் பஞ்சில் பழுப்பாக ஒட்டினால் அது அரக்கில் செய்த பிரெஞ்ச் பாலிஷ். மாமனார் காலத்து நாற்காலி என்றால் பெரும்பாலும் இதுதான். பார்க்க அழகு, ஆனால் தண்ணீர் நின்றால் வெள்ளையாகப் பூத்துவிடும். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் மெலமைனோ, பி.யூ. என்கிற பாலியூரித்தேன் பூச்சோ. பிரெஞ்ச் பாலிஷ் என்று தெரிந்தால் அதன் மேலேயே வெளிப்புற வார்னிஷ் அடிக்கச் சொல்லாதீர்கள். அடியில் இருக்கும் அரக்கு ஈரத்தில் வெளுத்து, மேல்பூச்சு தோலாக உரிந்து வரும். பழையதை முழுக்க எடுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

கடையில் கேட்க வேண்டிய சொல் "எக்ஸ்டீரியர்". டின்னில் வெளிப்புற மரத்துக்கு என்றும், புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் என்றும் எழுதியிருக்க வேண்டும். விற்பவர் வாயால் சொன்னால் போதாது. வெயில் மரத்தைக் கெடுப்பது சூட்டால் மட்டுமில்லை. அதன் புற ஊதாக் கதிர் மரநார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கிறது; மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது. மரம் சாம்பல் நிறமாவது இப்படித்தான். உள்வீட்டுக்கான மெலமைன் நல்ல பூச்சுதான், ஆனால் விறைப்பானது. பால்கனியில் மரம் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். அந்த அசைவோடு மெலமைன் அசையாது. மயிரிழைபோல வெடிக்கும், அந்த வெடிப்பில் தண்ணீர் நுழையும், நுழைந்தது வெளியே வர வழி இருக்காது. கார்ப்பென்டர் சொல்லும் "ஒரு கோட்டு" எதை என்று கேளுங்கள். பாதி டின் மிச்சமிருக்கும் பழைய வேலையின் மெலமைனாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வெளிப்புற பி.யூ. அல்லது மரைன் வார்னிஷ் ஒரு வழி. தேக்கு எண்ணெய், டெக்கிங் ஆயில் என்று விற்கும் எண்ணெய் வகை இன்னொரு வழி. முதலாவது படலமாக நிற்கும், மழையை நன்றாகத் தடுக்கும், ஆனால் கெட ஆரம்பித்தால் முழுக்கச் சுரண்ட வேண்டும். எண்ணெய் மரத்துக்குள் போய்விடுவதால் உரிவதில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை தேய்த்துத் துணியால் தடவினால் போதும், வீட்டிலேயே செய்யலாம். ஈரக்கோட்டுக்கு வெளியே, வெயிலும் மழையும் நேராகப் படும் சாமானுக்கு நான் எண்ணெயைச் சொல்வேன். கோட்டுக்கு உள்ளே, கூரைக்கு அடியில் நிற்பதற்கு வெளிப்புற பி.யூ. போதும்.

பி.யூ. என்று முடிவெடுத்தால் வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று மூன்று விஷயங்களைப் பாருங்கள். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. உப்புத்தாள் போட்டு முடித்ததும் தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட்டு உடனே பூசினால்தான் பிடிக்கும். இருக்கையின் அடிப்பக்கம், டீப்பாய்ப் பலகையின் கீழ்ப்பக்கம் எல்லாவற்றுக்கும் மேல்பக்கத்துக்கு விழுந்த அதே எண்ணிக்கை கோட்டுகள் விழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகை ஈரத்தை ஒரு பக்கமாகவே வாங்கி வளையும். மொத்தம் மூன்று கோட்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவே டின்னில் சொன்ன நேரம் காயவிட்டு மெல்லிய உப்புத்தாள். ஈரக்காற்று நாட்களில் அடித்தால் பூச்சு மங்கும். பொங்கல் கழிந்து தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மழைக்காலத்துக்கு? சாய்வு நாற்காலி துணி போட்ட மடக்கு வகை என்றால் மடக்கிக் கட்டிலுக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிடலாம். டீப்பாயை எப்படியாவது உள்ளே கொண்டுவாருங்கள். ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறை உட்கார்ந்த நாற்காலியை இரண்டு மாதம் இடநெருக்கடி பொறுத்துக் காப்பாற்றலாம் என்பதுதான் என் எண்ணம். எந்த டின்னும் அதற்கு ஈடாகாது.

கேள்வி: வார்னிஷுக்குப் பதிலாக லின்சீட் ஆயில் தடவினால் போதும், இயற்கையானது என்கிறார்களே?
— வாசகர், கும்பகோணம்

வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கு நல்லது. பால்கனிக்கு அது மட்டும் போதாது. லின்சீட் என்பது ஆளிவிதை; அதன் காய்ச்சாத எண்ணெய் உலர நாள்கணக்காகும். ஈரமான இடத்தில் பூசணத்துக்கு அதுவே உணவாகிக் கறுப்புப் புள்ளிகள் வரும். புற ஊதாக் கதிரையும் தடுக்காது. இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த எண்ணெய் தடவிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது தானாகச் சூடேறும், சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேற முடியாமல் தீப்பற்றிக்கொள்ளும். தேக்கு எண்ணெய் என்று விற்கும் பலவற்றிலும் லின்சீட் கலந்திருப்பதால் அவற்றுக்கும் இது பொருந்தும். துணியை விரித்துத் திறந்த வெளியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய டப்பாவில் முக்கி வைத்துவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: மழை வந்தால் மேசை மேல் நீலத் தார்ப்பாயைப் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுகிறேன். ஒரு சொட்டு உள்ளே போவதில்லை. ஆனாலும் மழைக்காலம் முடிந்து பிரித்தால் மேசை முழுக்கப் பூசணம். எப்படி?
— வாசகர், புதுச்சேரி

ஒரு சொட்டு உள்ளே போகாததால்தான். இறுக்கிக் கட்டிய தார்ப்பாய்க்குள் மேசையில் ஏற்கெனவே இருந்த ஈரமும் தரை ஈரமும் மாட்டிக்கொள்கின்றன. பகலில் தார்ப்பாய் சூடாகும்போது அந்த ஈரம் ஆவியாகி எழும், இரவில் தார்ப்பாயின் உள்பக்கத்தில் படிந்து மறுபடி மேசை மேலேயே சொட்டும். கடலோரக் காற்றில் ஈரப்பதம் எப்போதும் அதிகம் வேறு. மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். காற்று ஓடினால் அந்த அளவுக்குப் போகாது.

தார்ப்பாயைத் தூக்கி எறிய வேண்டாம், கட்டும் விதத்தை மாற்றுங்கள். மேசைக்கு நேர்மேல் படாமல், பால்கனிக் கம்பியிலிருந்து சுவர் ஆணிக்குச் சரிவாகக் கட்டினால் மழையைத் தடுக்கும், அடியில் காற்றும் ஓடும். மேசையையே மூடித்தான் ஆகவேண்டும் என்றால் பாலியெஸ்டர் துணியின் உள்பக்கம் பூச்சுப் போட்ட உறை வாங்குங்கள். வாங்கும்போது இரண்டு பக்கமும் மடிப்புக்கு அடியில் வலைத்துணி வைத்த காற்று வழி இருக்கிறதா பாருங்கள், அதுதான் அந்த உறைக்கு நீங்கள் கொடுக்கும் காசு. உறை தரையைத் தொடாமல் நான்கு விரல் மேலே நிற்க வேண்டும். மேசைப் பலகைக்கும் உறைக்கும் நடுவே கவிழ்த்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வைத்தால் நடுவில் தூக்கி நிற்கும், தண்ணீர் குளமாகத் தேங்காது. மழை விட்ட நாளில் உறையை எடுத்துவிட்டு மேசைக்குக் காற்று காட்டுங்கள். நனைந்த மேசையை மட்டும் ஒருபோதும் மூடாதீர்கள்.

புதுச்சேரியில் கீற்று முடைபவர்களும் மூங்கில் தட்டி செய்பவர்களும் இன்னும் இருக்கிறார்கள். பால்கனி அளவுக்குச் சுருட்டும் மூங்கில் தட்டி ஒன்று செய்து தொங்கவிட்டால் வெயிலுக்கும் சாரலுக்கும் சேர்த்து உதவும், காற்றையும் விடும். எனக்கு எந்த உறையைவிடவும் இதுதான் பிடிக்கும்.

கேள்வி: இணையத்தில் 6,000 ரூபாய்க்கு ஒரு ஷூ ரேக் வாங்கினேன். படத்தில் செடிகளோடு பால்கனியில்தான் வைத்திருந்தார்கள். "சாலிட் எஞ்சினியர்டு வுட், வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்று போட்டிருந்தது. நான்கு மாதத்தில் அடிப்பலகை உப்பி, ஓரம் பிரிந்துவிட்டது. ஒரு வருட வாரண்டி. கேட்டால், "தண்ணீரால் வந்த சேதத்துக்கு வாரண்டி இல்லை" என்கிறார்கள். பணம் போனதுதானா?
— வாசகி, தாம்பரம்

போகவில்லை, ஆனால் உடனே சில வேலைகள் செய்ய வேண்டும். முதலில் நீங்கள் வாங்கியது என்ன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். "எஞ்சினியர்டு வுட்" என்ற பெயரில் பார்ட்டிகிள் போர்டும் எம்.டி.எஃப்.பும் விற்கப்படுகின்றன. மரத்தூளையும் மரநாரையும் பசையோடு சேர்த்து அழுத்திய பலகைகள். மேலே ஒட்டிய படலம் தண்ணீரைத் தடுக்கும், ஆனால் ஆணித்துளையிலும் அடி ஓரத்திலும் கீல் மாட்டிய குழியிலும் அந்தப் படலம் இல்லை. அங்கே தண்ணீர் புகுந்தால் உப்பும், உலர்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. எனவே ரிப்பேர் செய்துதருகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அடிப்பலகையை மாற்றித் தரவோ பணத்தைத் தரவோ கேளுங்கள்.

உங்கள் கையில் இருக்கும் பலமான சான்று அந்தப் படம். பால்கனியில் வைத்துக் காட்டி, தண்ணீரைத் தாங்கும் என்று எழுதி விற்றுவிட்டு, பால்கனியில் ஈரம் பட்டால் பொறுப்பில்லை என்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பார்வையில் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று வாதாட நல்ல இடமிருக்கிறது. இன்றைக்கே அந்தப் பக்கத்தை, படங்களோடும் "வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்ற வரியோடும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் போனதும் விவரணை மாறிவிடும். பில், வாரண்டி அட்டை, உப்பிய பலகையின் படம், அவர்கள் மறுத்த மின்னஞ்சல், எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். தொலைபேசியில் சொன்ன மறுப்பு உதவாது, எழுத்தில் வாங்குங்கள்.

பிறகு விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அவர் பெயரும் தொடர்பு விவரமும் தளத்திலேயே இருக்க வேண்டும் என்பதும் விதி. பதில் வரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். நிறையப் பேருக்கு அந்தக் கட்டத்திலேயே பணம் வந்துவிடுகிறது. அதுவும் ஆகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் இடத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி இருக்கும் பெங்களூருக்கோ குருகிராமுக்கோ அலைய வேண்டாம். ஐந்து லட்சம் ரூபாய்வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக்கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். பொருள் விவரத்தில் "வீட்டுக்குள் மட்டும்" என்று தெளிவாக எழுதி, படமும் வீட்டுக்குள்ளேயே எடுத்திருந்தால் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும். அதனால்தான் வாங்குவதற்கு முன்னால் படத்தைப் பார்க்காமல் கடைசியில் இருக்கும் பராமரிப்புக் குறிப்பைப் படிக்கச் சொல்கிறேன்.

கேள்வி: "விற்ற பொருள் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது" என்று பில்லில் அச்சடித்திருக்கிறது. வாங்கிய பத்தாவது நாளே டைனிங் நாற்காலியின் காலில் வெடிப்பு. கேட்க முடியுமா?
— வாசகர், ஈரோடு

முடியும். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதே அதே 2019 சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் காலவரையறை எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. அந்த அச்சு வரியைக் காட்டிப் பயமுறுத்தினால் பயப்படாதீர்கள். ஆனால் நாற்காலி பால்கனியில் கிடந்ததா, ஹாலில் இருந்ததா என்பது கேள்வியாக வரும், நேர்மையாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: திருவான்மியூரில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. பால்கனியில் தேக்கு ஊஞ்சல் மாட்டியிருக்கிறோம். சங்கிலி மாட்டும் கொக்கியைச் சுற்றிப் பலகையில் கறுப்புக் கறை. உப்புத்தாள் போட்டால் போய்விட்டு மறுபடி வருகிறது. பலகை உளுத்துவிட்டதா?
— வாசகி, சென்னை

உளுக்கவில்லை. தேக்கு மாதிரியான மரங்களில் துவர்ப்புத் தரும் டேனின் உண்டு. இரும்புத் துரு ஈரத்தோடு சேர்ந்து டேனினைத் தொட்டால் கறுத்துவிடும். பழைய நாளில் டேனின் உள்ள கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து மை செய்தது இந்த முறையில்தான். இரும்பு இருக்கும்வரை கறை திரும்பத் திரும்ப வரும். எனவே முதலில் கொக்கியையும் வளையத்தையும் மாற்றுங்கள். உங்களுக்குக் கடற்காற்று நேரடி. சாதாரண இரும்புக்கு முலாம் போட்டது ஒரு வருடம்கூடத் தாங்காது. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று கேட்டால் கடையில் கொடுப்பது பெரும்பாலும் 202 அல்லது 304 ரகம். உப்புக் காற்றுக்கு 316 வேண்டும், விலை கூடுதல்தான். ஊஞ்சலில் குழந்தைகள் ஆடுவார்கள் என்பதால் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். காந்தத்தை வைத்துப் பார்ப்பது 304-க்கும் 316-க்கும் வித்தியாசம் காட்டாது. பில்லில் ரகத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். பித்தளைச் சங்கிலியும் நல்லதே, துருப்பிடிக்காது. உப்புக்காற்றில் நிறம் மங்கும், புளி போட்டுத் துலக்கினால் வந்துவிடும். ஆனால் அலங்காரத்துக்காகச் செய்த உள்ளீடற்ற மெல்லிய பித்தளை வேண்டாம், எடை தாங்கும் கெட்டி வார்ப்பு வேண்டும்.

கறைக்கு ஆக்சாலிக் ஆசிட். ரசாயனப் பொருள் கடைகளில் வெள்ளைப் படிகமாகக் கிடைக்கும். பூச்சு எடுத்த வெறும் மரத்தில்தான் வேலை செய்யும். ஒரு லிட்டர் சூடான தண்ணீரில் 30 கிராம் அளவு கரைத்து, பிளாஸ்டிக் பாத்திரத்திலேயே வைத்து, பிரஷ்ஷால் கறை உள்ள இடத்தில் மட்டும் இல்லாமல் அந்தப் பலகை முழுவதும் தடவுங்கள். இல்லையென்றால் அந்த இடம் மட்டும் வெளுத்துத் திட்டாகத் தெரியும். கறுப்பு கண்ணெதிரே மங்குவதைப் பார்க்கலாம். பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று தடவை கழுவி, நிழலில் நன்றாக உலர்த்திவிட்டு, துளைகளின் உள்சுவருக்கும் சேர்த்து வெளிப்புறப் பூச்சு அடியுங்கள். இது விஷம். கையுறை போடுங்கள், கரைசலைக் குழந்தைகளும் நாய், பூனையும் வரும் இடத்தில் வைக்காதீர்கள். பலகை காய்ந்தபின் உப்புத்தாள் போட்டால் வரும் தூசியையும் மூச்சில் இழுக்கக்கூடாது, முகக்கவசம் வேண்டும்.

பலகை உறுதியாக இருக்கிறதா என்று சந்தேகம் தீர ஒரு வழி: கொக்கித் துளைக்குப் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்திப் பாருங்கள். முனை கஷ்டப்பட்டு இறங்கினால் நல்ல மரம். மெத்தென்று இறங்கினால் கொக்கியை மாற்றிப் பயனில்லை, பலகையையே மாற்ற வேண்டும். கூரையில் கொக்கி போட்ட இடத்தையும் அப்படியே பாருங்கள். துருக்கறை கான்கிரீட்டில் வழிந்திருந்தால் ஆடுவதை நிறுத்திவிட்டு ஆள் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: பால்கனியில் உட்காரப் பெட்டி மாதிரி பெஞ்ச் செய்ய ஆசாரி "வாட்டர்ப்ரூஃப் ப்ளைதான் போடுகிறேன்" என்கிறார். நம்பலாமா?
— வாசகர், திருச்சி

ப்ளைவுட் பலகையில் அடித்திருக்கும் முத்திரையைக் காட்டச் சொல்லுங்கள். எம்.ஆர். (மாய்ஸ்ச்சர் ரெசிஸ்டன்ட்) என்றால் ஈரப்பதத்தை ஓரளவு தாங்கும் உள்வீட்டு ரகம், அதை வாட்டர்ப்ரூஃப் என்று சொல்லி விற்பது வழக்கமாகிவிட்டது. ஐ.எஸ். 710 என்ற எண்ணோடு வருவதுதான் மரைன் ப்ளை. 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் பசை விடாத ரகம். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். பலகையை அறுப்பதற்கு முன்னால் பாருங்கள். மரைன் ப்ளையாகவே இருந்தாலும் அறுத்த ஓரங்களை அடைக்க வேண்டும், ஒட்டுவதற்கும் தண்ணீர் தாங்கும் பசையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். பெட்டியின் அடியில் நான்கு காற்றுத் துளை போடச் சொல்லுங்கள்.

கேள்வி: ரப்பர்வுட் நாற்காலிகளைப் பால்கனிக்கு மாற்றலாமா? மருந்து போட்ட மரம் என்று கடையில் சொன்னார்கள்.
— வாசகி, நாகர்கோவில்

வேண்டாம். ரப்பர் மரத்துக்குப் பூச்சி, பூஞ்சை இரண்டும் எளிதில் பிடிக்கும் என்பதால் போரான் மருந்து ஏற்றுகிறார்கள். அந்த மருந்து தண்ணீரில் கரைந்து வெளியேறக்கூடியது. வீட்டுக்குள் நன்றாக உழைக்கும் நாற்காலி, மழையில் மருந்தை இழந்துவிட்டு வெறும் மரமாக நிற்கும். உங்கள் ஊருக்கு இரண்டு பருவமழையும் உண்டு. பால்கனிக்கென்றே வேண்டுமானால் பவுடர் கோட்டிங் செய்த அலுமினியச் சட்டத்தில் வயர் பின்னிய நாற்காலிகள் வாங்குங்கள். இரும்புச் சட்டமென்றால் பின்னலுக்கு அடியிலேயே துருப்பிடிக்கும்.

கேள்வி: போன வாரம் பெய்த மழையில் மர மேசை முழுக்க நனைந்துவிட்டது. வெயில் வந்ததும் மொட்டை மாடியில் காயப்போடலாமா, உள்ளே ஏ.சி. அறையில் வைக்கலாமா?
— வாசகர், கடலூர்

இரண்டும் கூடாது. வெளிப்பக்கம் மட்டும் வேகமாக உலர்ந்து சுருங்க, உள்ளே இன்னும் ஊறியிருக்கும், நீளவாக்கில் வெடித்துவிடும். தண்ணீரைத் துணியால் ஒற்றியெடுங்கள். இழுப்பறைகளை இழுக்க வந்தால் கழற்றித் தனியாக வையுங்கள், வரவில்லை என்றால் வலுக்கட்டாயமாக இழுக்காதீர்கள், உலர்ந்தபின் தானாக இளகும். காற்றோட்டமுள்ள நிழலில், நான்கு செங்கல் மேல் தூக்கி வைத்து, மின்விசிறியை நேராக மேசைமேல் படாமல் அறைக்குள் ஓடவிடுங்கள். கனமான பலகை உள்வரை உலர இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். அதுவரை பாலிஷ்காரரை வரச்சொல்லாதீர்கள். ஈர மரத்தின் மேல் அடித்த பூச்சு அடுத்த மாதமே கொப்புளமாக எழும்பும்.

வெள்ளைப் பூசணம் தெரிந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு, வினிகரைத் தண்ணீரோடு சரிபாதி கலந்து துணியில் நனைத்துப் பிழிந்து துடைத்தால் போதும். கால் மூட்டு ஆடினால் பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய பசை போட வேண்டும், பழையதன் மேலேயே ஊற்றுகிறேன் என்று சொல்லும் ஆளுக்கு வேலை கொடுக்காதீர்கள்.